46 பார்சல், 91 பர்ச்சேஸ்

போன ஆடி ஆஃபர் சமயம் நடந்தது. தி.நகர்ல ஒரு புடவை கடை, பேரு வேணாம், அவங்க ஆன்லைன் சைட்டுக்கு விளம்பரம் ஓட்டுறது எங்க டீம் வேலை. திங்கக்கெழமை காலைல மெட்டா ஈவென்ட்ஸ் மேனேஜர (சைட்ல யாரு என்ன வாங்கினாங்கன்னு ஃபேஸ்புக் கணக்கு காட்டுற எடம்) தொறந்தா ஞாயித்துக்கெழமை ஒரே நாள்ல 91 பர்ச்சேஸ். கிண்டி ஆபீஸ்ல உக்காந்த எடத்துலயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கடை வாட்ஸப் க்ரூப்ல போட்டு, ரெண்டு பட்டாசு எமோஜியும் வெச்சு, பட்ஜெட்ட ஏத்திடலாமா சார்னு கேட்டேன், மொதலாளியும் ஏத்துங்கன்னுட்டாரு. அரை மணி நேரம் கழிச்சு கடைல கணக்கு பாக்குற பெரியவர் கிட்டேருந்து தனியா ஒரு மெசேஜ்.

"தம்பி நேத்து ஆன்லைன்ல 46 பில்லு தான். 46 பார்சல் தான் கட்டினோம். மீதி புடவை எங்க போச்சு?"

நான் வழக்கம்போல எந்த விளம்பரத்தால எந்த விற்பனை, அட்ரிபியூஷன் அது இதுன்னு ஏதோ சொல்லி பாத்தேன். "அதெல்லாம் எனக்கு தெரியாதுப்பா, பில்லு புக்குல 46"ன்னு முடிச்சுட்டாரு. மத்தியானம் எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு மாம்பலத்துல எறங்கி, ரங்கநாதன் தெரு கூட்டத்துல நீந்தி கடைக்கு போய் சேர்ந்தப்போ சட்டை நனைஞ்சு போச்சு. அவர் எனக்கு ஒரு காபி சொல்லிட்டு பில்லு புக்க மேஜைல விரிச்சு வெச்சாரு.

அங்கயே லேப்டாப்ப தொறந்து ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டேன். சைட்லயே வெல கம்மியானது புடவைக்கு அடிக்கிற ஃபால்ஸ் துணி, அத தான் வாங்கினேன் (இன்னும் என் ட்ராயர்ல கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க). க்ரோம் இன்காக்னிட்டோ, எஃப்12, நெட்வொர்க் டேப், பேஜ்லேருந்து வெளிய போற ரிக்வெஸ்ட் எல்லாம் அங்க தான் தெரியும். இதுல பிரிசர்வ் லாக்னு ஒன்னு இருக்கும், அத டிக் பண்ணாம விட்டா பேமென்ட் கேட்வேக்கு போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள லிஸ்ட் மொத்தமும் அழிஞ்சுடும், நான் இத தெரியாம எத்தன தடவ ஆர்டர் போட்டிருக்கேன்னு என் கிரெடிட் கார்டுக்கு தான் தெரியும். தேங்க்யூ பேஜ் வந்தவுடனே ஃபில்டர்ல ஃபேஸ்புக்னு அடிச்சேன். ஃபேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் டிஆர்னு போற ரிக்வெஸ்ட் தான் பிக்ஸல் அனுப்புறது, பிக்ஸல்னா சைட்ல நடக்கறத மெட்டாவுக்கு சொல்ற குட்டி கோட், அந்த ரிக்வெஸ்ட்ல ஐடின்னு இருக்கறது யாரு அக்கவுண்ட்னு சொல்லும், ஈவின்னு இருக்கறது என்ன ஈவென்ட்னு சொல்லும். பர்ச்சேஸ், அதே ஐடி, ரெண்டு தடவ.

விஷயம் இதான். சைட்டோட டிசைன் இருக்கற தீம் கோட்லயே எவனோ ஒரு காலத்துல பிக்ஸல ஒட்டி வெச்சிருக்கான். அது தெரியாம நாங்க கூகுள் டேக் மேனேஜர்ல (இந்த மாதிரி குட்டி கோடுக்கு பேரு டேக், சைட் கோட தொடாம அத போட, எடுக்க ஒரு டூல்) அதையே இன்னொரு தடவ போட்டிருக்கோம். 46 ரெண்டு 92, ஒருத்தர் மட்டும் ரெண்டாவது டேக் ஓடுறதுக்குள்ள பேஜ மூடிட்டாரு போல. ரிப்போர்ட் தப்பா இருந்தா கூட போனா போகுதுன்னு விட்ரலாம், ஆனா விளம்பரம் யாருக்கு காட்டணும்னு மெட்டா முடிவு பண்றதே இந்த பர்ச்சேஸ் சிக்னல வெச்சு தான், நாங்களும் அத பாத்து தான் பட்ஜெட் ஏத்துறோம், ரூபாய்க்கு ரெண்டு ரூபா வர்றத நாலு ரூபா வருதுன்னு நம்பி ஏத்திட்டு இருந்தோம்.

சைட்ல பேமென்ட் பட்டன் வேல செய்யலன்னா பத்து நிமிஷத்துல பத்து பேரு போன் பண்ணி திட்டுவாங்க. டேக் செத்தாலும் சரி, டபுளா ஓடினாலும் சரி, ஒரு ஈ காக்கா வாய தொறக்காது. இதுல கணக்கர் வாய தொறந்தது எங்க அதிர்ஷ்டம்.

சரி வந்தது வந்தாச்சுன்னு மொத்த சைட்டையும் கெளறினேன். சைட்டுக்கு யாரு வர்றாங்கன்னு கணக்கு எடுக்கற கூகுளோட பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் டேக், யூஏன்னு ஆரம்பிக்கிற ஐடி, கூகுள் அதுல கணக்கு எடுக்கறத 2023 ஜூலை 1லயே நிறுத்தியாச்சு, இது இன்னும் எல்லா பேஜ்லயும் ஓடிட்டு இருக்கு. எள்ளு எண்ணெய்க்கு காயுது எலிப்புழுக்கை எதுக்கு காயுதுன்னு கேப்பாங்களே, அதே கத. அடுத்து சந்தா கட்டாம விட்ட ஹீட்மேப் டூல் ஒன்னு, பேஜ்ல எங்க க்ளிக் பண்றாங்கன்னு கலர்ல காட்டுறது. அதுக்கப்புறம் தான் தூக்கி வாரி போட்டுச்சு, இன்னொரு பிக்ஸல் ஐடி, அது எங்களோடதும் இல்ல கடையோடதும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வேல பாத்த வேற ஏஜென்சியோடது. வீட்ட காலி பண்ணவன் சாவிய குடுக்காம போன மாதிரி, இந்த கடைக்கு யாரு வர்றா என்ன பாக்குறான்னு எல்லாம் அவங்க அக்கவுண்டுக்கு போய்ட்டு இருக்கு. கேட்டா "ஓ அது இன்னும் இருக்கா ப்ரோ"ங்கறாங்க.

இன்னொன்னு, தேங்க்யூ பேஜோட யூஆர்எல்ல கஸ்டமரோட ஈமெயிலும் போன் நம்பரும் அப்படியே தெரியுது. யூஆர்எல்ல இருக்கறது எல்லா டேக்குக்கும் சேர்ந்து போகும். அனலிடிக்ஸ்க்கு இந்த மாதிரி ஆள அடையாளம் காட்டுற தகவல் அனுப்பவே கூடாதுன்னு கூகுளோட ரூல்லயே இருக்கு. நம்ம ஊர்லயும் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023லயே வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்துடுச்சு, தரவ ஒழுங்கா பாதுகாக்கலன்னா அபராதம் 250 கோடி வரைக்கும். மொதலாளி கிட்ட இந்த நம்பர சொன்னதும் டெவலப்பருக்கு அங்கயே போன் போனது, அன்னிக்கு நைட்டே யூஆர்எல் மாறிடுச்சு. மூனு மாசமா நான் கெஞ்சிட்டு இருந்த பேஜ் ஸ்பீடு வேல மட்டும் இன்னும் அப்படியே இருக்கு.

வெளில நடந்தது ஒன்னும் சொல்றேன். 2018ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் சைட்ல ஓடுற ஒரு ஸ்க்ரிப்ட்ல எவனோ சில வரிய சேர்த்துட்டான், டிக்கெட் போட்டவங்க கார்டு விவரம் அப்படியே அவன் கைக்கு போச்சு. 2020ல 2 கோடி பவுண்ட் அபராதம். பேஜ்ல ஓடுற ஸ்க்ரிப்ட் எதுவா இருந்தாலும் அந்த பேஜ்ல டைப் பண்றத படிக்க முடியும், டேக்கும் ஸ்க்ரிப்ட் தானே. இப்பல்லாம் பேமென்ட் பேஜ்ல என்னென்ன ஸ்க்ரிப்ட் ஓடுது, ஏன் ஓடுதுன்னு லிஸ்ட் வெச்சிருக்கணும்னு கார்டு பேமென்ட்டுக்கான பாதுகாப்பு விதி பிசிஐ டிஎஸ்எஸ்லயே கேக்குறாங்க, 2025 மார்ச் 31லேருந்து கட்டாயம்.

கெளறினதுல நானும் ஒரு சொதப்பு சொதப்பினேன், அதையும் சொல்லிடறேன். வெள்ளிக்கெழம சாயங்காலம், டேக் மேனேஜர்ல "டெஸ்ட் ஃபைனல் 2"ன்னு ஒரு கஸ்டம் எச்டிஎம்எல் டேக், அதாவது நம்மளே கோட் எழுதி சொருகறது. எதுக்குன்னு யாருக்கும் தெரியல. தூக்கிட்டு பப்ளிஷ் பண்ணிட்டு வீட்டுக்கு கெளம்பிட்டேன். சனிக்கெழம காலைல கடைல இருந்து போன் மேல போன், "தம்பி, பின்கோடு போட்டு பாக்குற பெட்டிய காணோம், வேளச்சேரிக்கு டெலிவரி உண்டா ஆவடிக்கு உண்டான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க". டெவலப்பர் லீவ்ல இருந்த ஏதோ ஒரு நாள்ல அந்த பெட்டியவே எவனோ டேக் மேனேஜர் வழியா சொருகி வெச்சிருக்கான். நல்லவேள பழைய வெர்ஷன திரும்ப பப்ளிஷ் பண்ணா போதும், ரெண்டு நிமிஷ வேல. இப்ப எந்த டேக்கையும் நேரா தூக்கறதில்ல, மொதல்ல உள்ள என்ன எழுதிருக்குன்னு படிச்சு பாப்பேன், அப்புறம் பாஸ் பண்ணி ஓடாம நிறுத்தி வெப்பேன், ஒரு வாரம் யாரும் கத்தலன்னா டெலீட். வெள்ளிக்கெழம பப்ளிஷ் கெடையவே கெடையாது.

டேக் மேனேஜர்ல யாருக்கெல்லாம் பப்ளிஷ் உரிமை இருக்குன்னும் பாருங்க. இங்க ஒன்பது பேருக்கு இருந்துச்சு, அதுல நாலு பேரு வேலைய விட்டே போயாச்சு. இப்ப ரெண்டே பேரு, மத்தவங்க எடிட்டோட சரி.

கண்காணிப்புன்னு பெருசா ஒன்னும் இல்ல. ஒரு ஷீட், அதுல டேக் பேரு, யாரு போட்டது, எதுக்கு, எந்த அக்கவுண்ட். தெனமும் நைட்டு பிரவுசர தானா ஓட்டுற ஒரு ப்ளேரைட் ஸ்க்ரிப்ட், தலையில்லாத (விண்டோ தெரியாம ஓடுற) க்ரோம்ல ஹோம் பேஜ், ஒரு புடவை பேஜ், கார்ட்னு சுத்தி வந்து போற ரிக்வெஸ்ட் எல்லாத்தையும் ஷீட்டோட ஒத்து பாக்கும், புதுசா ஒரு டொமைன் வந்தாலோ இருந்தது காணாம போனாலோ டெலிகிராம்ல மெசேஜ். காசு கட்டி வாங்குற டூல் நெறைய இருக்கு, நூறு சைட் வெச்சிருக்கறவங்களுக்கு அது சரி, ஒரு புடவை கடைக்கு இதுவே ஜாஸ்தி.

ஆனா ஸ்க்ரிப்ட விட நான் நம்புறது பில்லு புக்க தான். வாரம் ஒரு தடவ பில்லையும் டேக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாப்போம். ரெண்டும் அச்சு அசலா ஒத்து போகவே போகாது, ஆட் பிளாக்கர் வெச்சிருக்கறவன், பேமென்ட் முடிஞ்சு தேங்க்யூ பேஜுக்கு திரும்பாம ஜிபேலயே நின்னுட்டவன்னு வாரக் கணக்குல பத்துல ஒன்னு கிட்ட விட்டுப்போகும். அந்த கொறச்சல் வாரா வாரம் ஒரே அளவுல இருக்கான்னு தான் பாக்கணும், டேக் கணக்கு திடீர்னு எறங்கினா எங்கயோ டேக் போச்சு. பில்ல விட டேக் ஜாஸ்தின்னா யோசிக்கவே வேணாம், நேரா எஃப்12.

கணக்கர் இப்ப திங்கக்கெழம காலைல பில்லு புக்க போட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்பிடறாரு. இந்த வாரம், "தம்பி 312. உங்க பக்கம்?"

"283 சார்."

"போன வாரம் மாதிரி தானே?"

"அதே மாதிரி தான் சார்."

"அப்ப சரி. ஆமா, அந்த ஃபால்ஸ் துணிக்கு டெஸ்ட் ஆர்டர்னு பில்லு நிக்குது, கேன்சல் போடவா, காச வரவு வெக்கவா?"