சின்ன டர்போ காருக்கு பூஸ்ட் கேஜ்: லைனை எங்கிருந்து எடுப்பது?

ஐ20 1.0 டர்போ, போலோ 1.2 டி.எஸ்.ஐ., ஃப்ரான்க்ஸ் 1.0 பூஸ்டர்ஜெட் மாதிரியான கார்களை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ஏக்கம் இருக்கும். 998 சி.சி. ஐ20 இன்ஜின் 120 பி.எஸ். தருகிறது. டர்போ இல்லாத அதே அளவு இன்ஜின் 70 பி.எஸ். பக்கம்தான் தரும். மிச்சமெல்லாம் டர்போ திணிக்கும் காற்றின் புண்ணியம். அந்த டர்போ இப்போது எவ்வளவு அழுத்தம் (பூஸ்ட்) கொடுக்கிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறதா என்று பெரும்பாலான கார்களின் மீட்டரில் தெரியாது. 52 மி.மீ. கேஜ் ஒன்று அதைச் சொல்லிவிடும். ஹோஸ் லீக், இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) கிளாம்ப் லூஸ், வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தை எல்லைக்குள் வைக்கும் கதவு) மக்கர் எல்லாமே செக் இன்ஜின் லைட் எரிவதற்கு முன்பே முள்ளில் தெரிய ஆரம்பிக்கும்.

கேஜ் வாங்குவது சுலபம். அழுத்தத்தைக் கேஜுக்குக் கொண்டுபோகும் லைனை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். தப்பான இடத்தில் எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கேஜும் பொய்தான் சொல்லும். சில இடங்களில் எடுத்தால் பிரேக்குக்கே ஆபத்து.

முதலில் கேஜ் வகை. மெக்கானிக்கல் கேஜில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதி) வரும் ஹோஸ் நேராக டேஷ்போர்டு வரை வந்து கேஜின் முதுகில் மாட்டும். விலை குறைவு, முள் உடனுக்குடன் அசையும். ஆனால் அந்த ஹோஸ் கேபினுக்குள் கழன்றால் எண்ணெய்ப் புகையும் பெட்ரோல் ஆவியும் உள்ளே வரும். பெட்ரோல் காரில் இதை வேண்டாம் என்றே சொல்வேன். எலக்ட்ரானிக் கேஜில் சென்சார் பானெட்டுக்குள்ளேயே நின்றுவிடும், உள்ளே வருவது ஒயர் மட்டும். மூன்றாவது வழி ஓ.பி.டி. போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) செருகும் டிஸ்ப்ளே. ஈ.சி.யு. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தரும் மேனிஃபோல்ட் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டும். எதையும் வெட்ட வேண்டாம் என்பது லாபம். ஆனால் மதிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். தவிர, அந்தத் தகவல் ஒரே பைட்டில் வருவதால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் எண்ணிக்கையே கிடையாது. கடல் மட்டத்தில் அது சுமார் 1.5 பார் பூஸ்ட். கம்பெனி வைத்த இன்ஜின் செட்டிங்கிலேயே ஓடும் சின்னக் காருக்கு அது போதும்.

அளவுகோல் மைனஸ் 1 முதல் பிளஸ் 2 பார் வரை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 3 பார் வரை காட்டும் கேஜில் உங்கள் கார் தொடும் பகுதி மொத்த வட்டத்தில் கொஞ்சம்தான் இருக்கும், சின்ன மாற்றம் கண்ணில் படாது. 1 பார் என்றால் 14.5 பி.எஸ்.ஐ.; சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் கிட்டத்தட்ட அதே 1. பி.எஸ்.ஐ. கேஜ்களில் வாக்குவம் பக்கம் பாதரச அங்குலத்தில் இருக்கும், இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இனி லைன். பெட்ரோல் இன்ஜினில் நமக்கு வேண்டியது த்ராட்டில் பாடிக்கு (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றைத் திறந்து மூடும் வால்வு) பிறகு, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம். த்ராட்டிலுக்கு முந்திய பைப்பில் எடுத்தால் ஐடிலில் முள் பூஜ்யத்திலேயே நிற்கும், வாக்குவம் பக்கம் போகவே போகாது. காலை எடுத்த நொடியில் மூடிய த்ராட்டிலுக்கு முன் தேங்கும் அழுத்தத்தையும் பூஸ்ட் என்று காட்டும். பல டர்போ பெட்ரோல் கார்களில் அழுத்த சென்சார் இரண்டு இருக்கும்: இன்டர்கூலர் பைப்பில் ஒன்று, மேனிஃபோல்டில் ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. மேனிஃபோல்டில் திருகியிருப்பதுதான் நம் ஆள்.

அந்த மேப் சென்சாருக்கு (மேனிஃபோல்ட் அழுத்த சென்சார்) அடியில் வைக்கும் அலுமினிய அடாப்டர் கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. சென்சாரைக் கழற்றி, அடாப்டரை உட்காரவைத்து, அதன் மேல் சென்சாரை மாட்டி, கூட வரும் நீள ஸ்குருவால் முடுக்க வேண்டும். அடாப்டரின் பக்கவாட்டு முனையில் நம் ஹோஸ் ஏறும். கம்பெனி ஹோஸ் எதையும் வெட்டுவதில்லை, வாரண்டி வேலைக்குப் போகும்போது பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். இங்கே கெடுவது ஓ-ரிங்தான். காய்ந்த ஓ-ரிங்கை அப்படியே அழுத்தினால் ஓரம் மடிந்து வெட்டுப்படும். ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, லேசாகத் திருப்பியபடி இறக்குங்கள். மேனிஃபோல்ட் பிளாஸ்டிக், திருகு போகும் மரை சின்ன பித்தளைப் புஷ். கைக்கு இறுகியதும் நிறுத்த வேண்டும், பலம் காட்டினால் புஷ்ஷே சுழன்றுவிடும். சென்சாரிலேயே காற்றின் வெப்பத்தை அளக்கும் முனையும் இருந்தால், அடாப்டர் உயர்த்திய அளவுக்கு அது காற்றோட்டத்திலிருந்து விலகும். ஆகவே தடிமன் குறைந்த அடாப்டரையே எடுங்கள்.

அடாப்டர் கிடைக்காத காரில் ஏற்கெனவே உள்ள ஹோஸ் ஒன்றை வெட்டி டீ (T வடிவ மூன்று முனை இணைப்பு) போட வேண்டும். டீ போடக்கூடாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேக் பூஸ்டர் ஹோஸை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து போகும் தடித்த ஹோஸ், சுலபமாகக் கைக்கு எட்டும், அதனால்தான் ஆசை வரும். அதில் ஒருவழி வால்வு இருக்கிறது. வால்வுக்கு பிரேக் பூஸ்டர் பக்கம் எடுத்தால் முள் வாக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஸ்ட் வரவே வராது. மேனிஃபோல்ட் பக்கம் எடுத்தால் கேஜ் சரியாகக் காட்டும். ஆனால் டீ கழன்ற அன்று பிரேக் பெடல் கட்டையாகிவிடும். அடுத்தது, வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ். நடுவில் இருக்கும் சோலினாய்டு வால்வு அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் அங்கே கிடைக்கும் எண் மேனிஃபோல்டின் எண் அல்ல. டீயில் லீக் வந்தால் ஆக்சுவேட்டருக்குக் குறைந்த அழுத்தம் போய், வேஸ்ட்கேட் தாமதமாகத் திறந்து, பூஸ்ட் எல்லை மீறும். பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் கானிஸ்டர் பர்ஜ் லைனிலும் ஒருவழி வால்வு உண்டு, அதுவும் ஆகாது. மேப் சென்சாரின் சிக்னல் ஒயரில் ஒட்டுப் போட்டு கேஜுக்குக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். ஈ.சி.யு. பெட்ரோல் அளவைக் கணக்கிடுவதே அந்த வோல்ட்டேஜை நம்பித்தான்.

மிஞ்சுவது, மேனிஃபோல்டிலிருந்து நேராக டைவர்ட்டர் வால்வுக்கோ (காலை எடுத்ததும் தேங்கும் அழுத்தத்தைத் திருப்பிவிடுவது) வேறு சின்ன வால்வுக்கோ போகும், நடுவில் எந்தத் தடையும் இல்லாத மெல்லிய ஹோஸ். புதிய கார்கள் சிலவற்றில் அந்த வால்வு மின்சாரத்தில் இயங்குவதால் இப்படி ஒரு ஹோஸே இருக்காது, அப்போது அடாப்டர் ஒன்றுதான் வழி. டீ பித்தளையில் வாங்குங்கள், பிளாஸ்டிக் டீ இன்ஜின் சூட்டில் ஒரு கோடையில் நொறுங்கத் தொடங்கும். ஹோஸ் 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கான் ஹோஸ், சுவர் தடித்தது. மீன் தொட்டிக்கு விற்கும் ஹோஸ் வாக்குவத்தில் சப்பிப்போகும். மூன்று முனையிலும் கிளாம்ப் அவசியம். ஐடிலில் உள்ளிழுப்பு ஹோஸைப் பிடித்து வைத்திருக்கும், பூஸ்ட் வந்ததும் அதே ஹோஸை வெளியே தள்ளும்.

சென்சாரை டீயைவிட உயரத்தில், முனை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். மேனிஃபோல்ட் காற்றில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் ஈரமும் உண்டு; சென்சார் தாழ்வாக இருந்தால் எல்லாம் அங்கே வடிந்து சேரும். டர்போவிலிருந்தும் எக்ஸாஸ்ட்டிலிருந்தும் விலக்கி, ஹோஸ் நீளத்தை 40 செ.மீ.க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஐடிலின்போது முள் நடுங்கினால் கேஜைக் குறை சொல்ல வேண்டாம், ஹோஸுக்குள் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டரைச் செருகினால் அடங்கும்.

லீக் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை வருகிறதா என்று ஐடிலில் பார்ப்பதில் பயனே இல்லை. உள்ளே வாக்குவம் இருப்பதால் லீக் இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், நுரை வராது. அதற்குப் பதில் மெடிக்கலில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும். ஹோஸை மேனிஃபோல்ட் முனையில் கழற்றி, பிஸ்டனை 20-இல் வைத்து சிரிஞ்சைச் செருகி, இக்னிஷன் மட்டும் ஆன் செய்யுங்கள். முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இப்போது பிஸ்டனை 10 வரை அழுத்துங்கள். 40 செ.மீ. ஹோஸுக்குள் இருக்கும் காற்று 5 மி.லி.; மொத்தம் 25 மி.லி. இருந்தது 15 ஆகச் சுருங்கியிருக்கிறது. 25-ஐ 15-ஆல் வகுத்தால் 1.67, வெளிக்காற்று போக கேஜ் ஏறத்தாழ 0.65 பார் காட்ட வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். முள் இறங்காமல் நின்றால் ஹோஸும் சென்சாரும் சரி. சென்சாரும் கேஜும் வேறு வேறு செட்டைச் சேர்ந்தவையாக இருந்தால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும். கைக்கு வந்த டூப்ளிகேட் கேஜைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஒயரிங்கில் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். கேஜுக்குப் பொதுவாக நாலு ஒயர்: நேரடி 12 வோல்ட், இக்னிஷன், எர்த், லைட். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியில் வரும் தாளையே நம்புங்கள். இக்னிஷன் சப்ளையை சிகரெட் லைட்டர் மாதிரியான ஃப்யூஸிலிருந்து, ஃப்யூஸ் டேப் (ஒரே சாக்கெட்டில் இரண்டு ஃப்யூஸ் மாட்டும் கிளிப்) போட்டு, 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸுடன் எடுக்கலாம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஈ.சி.யு. ஃப்யூஸ்கள் பக்கமே போக வேண்டாம். ஃப்யூஸ் டேப்புக்கு மேல் கீழ் உண்டு. பழைய ஃப்யூஸைப் பிடுங்கி, பேட்டரியை ஒரு நிமிடம் இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து, இரண்டு பின்களில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டேப்பில் இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பின்னில் இறங்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் கேஜ் எரியும். ஆனால் கேஜின் கரண்டும் பழைய ஃப்யூஸ் வழியாகப் போகும், அது போனால் இரண்டும் சேர்ந்து அணையும். லைட் ஒயரை பார்க்கிங் லைட் ஃப்யூஸில் கொடுங்கள். எர்த்துக்கு டேஷ்போர்டுக்கு அடியில் பாடியில் இறங்கும் போல்ட் ஒன்றைப் பிடித்து, பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு முடுக்குங்கள். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் முள் துள்ளினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) புதிதாக ஓட்டை போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மெயின் ஒயரிங் உள்ளே வரும் ரப்பர் கிரொமெட்டின் ஓரத்தில் சின்னத் துளை இட்டு, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை நீட்டி அதில் ஒயரைக் கட்டி இழுக்கலாம். கம்பி முனையில் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஒயரின் தோலைக் கிழிக்கும். இழுத்த பின் சிலிக்கான் சீலன்ட் வைத்து, இன்ஜின் பக்கம் ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் மழைத் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே வராது.

கேஜை எங்கே வைப்பது? ஏ-பில்லர் (முன் கண்ணாடி ஓரத் தூண்) பாட் பார்க்க அழகு. ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அது ஏர்பேக் விரியும் வழியில் நிற்கும். இல்லாத காரிலும் சிக்னலில் பக்கத்தில் வரும் டூவீலரை மறைக்கும். ஸ்டியரிங் தண்டை மூடும் உறையின் மேல், மீட்டரை மறைக்காமல் ஒரு ஓரமாக வைப்பதே என் தேர்வு.

எல்லாம் முடிந்து சூடான இன்ஜின் ஐடிலில், ஏசி அணைத்த நிலையில், மைனஸ் 0.6 முதல் 0.7 பார் வரை காட்டினால் நிம்மதி. கியரில் ஓடும்போது காலை எடுத்தால் இன்னும் கீழே போகும். ஐடிலில் மைனஸ் 0.4 என்று நின்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. நாம் போட்ட டீயையே முதலில் சந்தேகப்பட வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்ட் ஏறி, ஒரு மட்டத்தில் நின்று, ரெட்லைன் நெருங்கும்போது கொஞ்சம் சரிவது சின்ன டர்போவுக்கு இயல்பு. முதல் வாரத்திலேயே மூன்றாவது கியரில் எவ்வளவு வருகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு அது மெதுவாக ஏறி, பழைய உச்சத்தைத் தொடாவிட்டால் இன்டர்கூலர் ஹோஸைப் பாருங்கள், பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 கோட் விழும்வரை காத்திருக்க வேண்டாம். மாறாக உச்சத்தைத் தாண்டிக் குதித்தால் வேஸ்ட்கேட் பக்கம் பார்க்க வேண்டும், அதன் கோட் பி0234.

ஊட்டிக்குப் போனால் எண்கள் மாறும், பயப்பட வேண்டாம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கடல் மட்டத்தை நிலையான பூஜ்யமாக வைத்திருக்கும் கேஜ், இன்ஜின் ஓடாதபோதே மைனஸ் 0.2-க்குக் கீழே நிற்கும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும் கேஜ் பூஜ்யத்தில் இருக்கும். ஆனால் ஐடில் வாக்குவம் மைனஸ் 0.45 பக்கம் குறைந்து தெரியும். அது லீக் அல்ல.

டீசல்காரர்களுக்கு: ஸ்விஃப்ட் டி.டி.ஐ.எஸ். மாதிரியான காரில் பெட்ரோல் போல காற்றை நெரிக்கும் த்ராட்டில் கிடையாது, ஐடிலில் முள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதனால் 0 முதல் 2 பார் கேஜ் போதும். இஜிஆர் (புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கரி சேரும் இடத்துக்கு முன்னால், இன்டர்கூலருக்குப் பின்னால் லைன் எடுங்கள், இல்லாவிட்டால் துளை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சர்வீஸிலும் ஹோஸ் முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். இறுகித் தடித்துப்போன முனையை ஒரு செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி ஏற்றலாம் என்பதால், மாட்டும்போதே இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக விட்டுவைப்பது நல்லது.