சளி இல்லாத காய்ச்சல்

எட்டு மாதத்தில் நான்கு முறை காய்ச்சல். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. குடியாத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்கில் ஒரு ஆண்டிபயாடிக் சிரப் தருவார்கள், மூன்றாம் நாள் அடங்கிவிடும். சளி, இருமல் எதுவும் இருக்காது. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. சிறுநீர் போகும்போது அழுவாள். "சூடுதான், இந்த வெயிலுக்குப் பெரியவங்களுக்கே நீர்க்கடுப்பு வருது" என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்.

ஐந்தாவது முறை நடுக்கத்தோடு 103 டிகிரி. நேராக வேலூருக்குக் கூட்டிப்போனோம். குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "யூரின் கல்ச்சர் எடுத்தீங்களா?" சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நல்லவேளை, இந்த முறை சிரப் கொடுத்திருக்கவில்லை. மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாமாம்.

அந்தச் சிறுநீரைப் பிடித்த கதை தனி. தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மூடி திறந்த டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. அவளோ டப்பாவைக் கண்டாலே அடக்கிக்கொள்கிறாள். முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன், கால் மரத்துவிட்டது. கடைசியில் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டதும் போனாள். இரண்டு நாள் கழித்து ரிசல்ட்: ஈ கோலை. குடலில் இருக்கும் கிருமிதான்.

அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. கிட்னி என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1971-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று நடந்த ஊர் இது; இங்கே அந்த வார்த்தைக்கு டயாலிசிஸ் என்றுதான் மனம் பொருள் சொல்கிறது.

தொற்று அடங்கியபின் எம்.சி.யு. படம். மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப் பையில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி, அவள் சிறுநீர் போகும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள். கதறினாள், அதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்புகிறது, மூன்றாம் நிலை என்றார் டாக்டர். நான் விழித்தேன். மோட்டார் ரிப்பேர் பார்க்கும் என் கணவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "நம்ம கிணத்து ஃபுட் வால்வு மாதிரிம்மா. அது சரியில்லன்னா தண்ணி திரும்பிப் போவுதில்ல?" டாக்டர் சிரித்துவிட்டார். கிருமியும் அந்தத் தண்ணீரோடு ஏறுகிறது, அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து, சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். இடதுபக்கம் ஒரு தழும்பு. அது மறையாது. சின்ன வயசில் திரும்பும் சிறுநீர் பலருக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும், ஆனால் தழும்பு அப்படியில்லை; ரத்த அழுத்தத்தை வருஷா வருஷம் பார்க்கச் சொன்னார்கள்.

இப்போது தொற்று திரும்ப வராமலிருக்க இரவில் சின்ன டோஸ் மருந்து. நான் எதிர்பார்க்காதது மலச்சிக்கல்: அதைச் சரி செய்யாமல் சிறுநீர்த் தொற்று சரியாகாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். கொய்யா, கீரை, தண்ணீர் என்று வீடே மாறியது. மூன்று மணிக்கொரு முறை பாத்ரூம். பள்ளியில்தான் சிக்கல், கழிப்பறை நாறுவதால் பிள்ளைகள் மதியம்வரை அடக்கிக்கொள்கிறார்கள். எல்.கே.ஜி. மிஸ்ஸிடம் ஸ்கேனைக் காட்டிப் பேசினேன், அப்புறம் அவரே கூட்டிப்போக ஆரம்பித்தார்.

ஜூனில் வகுப்பு மாறுகிறாள். புது மிஸ்ஸிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.