தொடக்கக் கோட்டுக்கு முந்தைய வேலை

சிங்கப்பூரின் சிறிய திடல்தட மன்றம் ஒன்று கோலாலம்பூருக்கோ பேங்காக்கிற்கோ போட்டிக்குக் கிளம்பினால், எல்லோர் கவனமும் பயிற்சியின் மேல்தான் இருக்கும். குழு மேலாளர் வேலை பார்ப்பவருக்குத் தெரியும், கால் வேகத்தால் தோற்பதற்கு முன்பே தாளாலும் கடிகாரத்தாலும் தோற்க முடியும் என்று. அப்படிப் போகும் போட்டிகளைப் பயிற்றுவிப்பாளரால் மீட்டுத்தர முடியாது.

முதல் வம்பு பதிவுப் படிவத்தில் வரும். பெரும்பாலான படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? கடப்பிதழில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று இருக்கும். விமானச் சீட்டு எடுக்கும் தளமோ அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார். கடைசியில் ஒரே ஓட்டக்காரர் மூன்று ஆவணங்களில் மூன்று பேராகிவிடுவார். கடப்பிதழின் முதல் பக்கத்தைப் பார்த்து, ஒரே ஆள், ஒரே முறையில், எல்லாருடைய பெயரையும் அடிப்பதுதான் தீர்வு. அவரவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயரை நம்பக்கூடாது.

அடுத்தது சிறந்த நேரம். ஓட்டப் பிரிவு பிரிப்பது அதை வைத்துத்தான். கைக்கடிகாரத்தில் எடுத்த 100 மீட்டர் நேரத்தை அப்படியே எழுதிக் கொடுத்தால், மின்னணு நேரத்தோடு போட்டியிடப் போகும் பையனை அவன் தகுதிக்கு மேற்பட்ட பிரிவில் தள்ளிவிடுவோம். 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடி, 400 மீட்டருக்கு 0.14 வினாடி கூட்டுவது பழைய நடைமுறை. அது சின்ன எண் இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி. குணாளன் 100 மீட்டரில் ஓடிய 10.38 வினாடி சிங்கப்பூர்ச் சாதனையை 2001இல் யு.கே. ஷ்யாம் 10.37 ஓடித் தாண்டுவதற்கு 33 ஆண்டு ஆனது. இடையில் இருந்தது 0.01. காற்றளவும் சேர்த்து எழுத வேண்டும். வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் வராது. தகுதி நேரம் கேட்கும் போட்டியிலும் அதைக் காட்ட முடியாது.

ஆசைக்குப் பதிவு செய்வதும் கெடுதல். “200 மீட்டரும் போட்டு வைங்க சார், முடிஞ்சா ஓடுறேன்” என்பார்கள். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி, இறுதியாக உறுதிசெய்த பிறகு உரிய காரணமின்றிக் களமிறங்காவிட்டால், அதே போட்டித் தொடரில் மிச்சமுள்ள எல்லாவற்றிலிருந்தும் விலக்கலாம். தொடர் ஓட்டமும் அதில் அடக்கம். சனிக்கிழமை 200ஐ விட்டவர் ஞாயிறு 4 × 100 ஓட முடியாமல் போனால், அவரோடு சேர்த்து மற்ற மூவரின் விமானச் செலவும் வீண். காயம் என்றால் போட்டி மருத்துவரின் சான்றிதழை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். விலகுவதாக இருந்தால் உறுதிசெய்யும் கெடுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பயண ஆவணங்களில் அதிகம் தடுக்குவது கடப்பிதழின் 6 மாதச் செல்லுபடிக் காலம். மலேசிய மின்னிலக்க வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. குழுவில் இருக்கும் வேற்று நாட்டுக் கடப்பிதழ்காரர்களுக்கு வேண்டியிருக்கும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோருமே மின்னிலக்க வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதுவும் போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள். நிரந்தரவாசிகளின் மறுநுழைவு அனுமதி, தேசிய சேவையில் இருப்பவருக்குப் படைப்பிரிவின் விடுப்பு அனுமதி, மாணவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் பள்ளியின் ஒப்புதலும், இவை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பயணக் காப்புறுதியில் போட்டி விளையாட்டை விலக்கும் வரி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் படியுங்கள்.

ஈட்டிக்குத் தனி யோசனை வேண்டும். ஆண்கள் ஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர் நீளம். சுற்றுலாப் பேருந்தின் அகலமோ சுமார் இரண்டரை மீட்டர். குறுக்கே வைக்கலாம் என்று நினைத்து உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் இறங்கிப் பெட்டிகளைக் கிளறுவது வழக்கமான கூத்து. சரக்கறை நீளவாக்கில் தடுப்பில்லாமல் இருக்கிறதா என்று பேருந்து பிடிக்கும்போதே கேட்க வேண்டும். விமானம் என்றால் சீட்டு எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல். கோலூன்றித் தாண்டுபவரின் கோல்களுக்கு இது இரட்டிப்புத் தலைவலி. போட்டி நடத்துபவரிடம் இரவல் கோல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எறியும் கருவி சொந்தமானால் அறிவித்த நேரத்துக்குள் எடை பார்க்கக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டபின் அதை மற்றப் போட்டியாளர்களும் எடுத்து எறியலாம். தன் ஈட்டியை எதிராளி எடுக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க, பையனிடம் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

போட்டி நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். தகுதிச் சுற்று காலை 9:10 என்று வைத்துக்கொள்வோம். ‘கால் ரூம்’ என்று எல்லோரும் சொல்லும் அழைப்பு அறை 8:40க்கு மூடுகிறது. உடல் சூடேற்ற ஒரு மணி நேரம் தாராளம், அழைப்பு அறைக்கு நடக்க 5 நிமிடம் என்றால் 7:35க்குத் தொடங்க வேண்டும். கழிவறை, பட்டை கட்டுவது, எண் குத்துவது இவற்றுக்கு 20 நிமிடம், ஆக 7:15க்குத் திடலில் இருக்க வேண்டும். பேங்காக் சாலையில் 45 நிமிடம் ஒதுக்கினால் 6:30க்கு வண்டி கிளம்ப வேண்டும். ஹோட்டல் காலை உணவு தொடங்குவதும் அநேகமாக அதே 6:30க்குத்தான். ஆக, ரொட்டி, வாழைப்பழம், வெந்நீர் ஊற்றிக் கிளறும் ஓட்ஸ் எல்லாம் முந்தின இரவே அறைக்கு வந்திருக்க வேண்டும். பேங்காக் நேரம் நம்மைவிட 1 மணி பின்தங்கியது. கைத்தொலைபேசி தானே மாறிக்கொள்ளும். பயிற்றுவிப்பாளர் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் மாறாது. அட்டவணையை உள்ளூர் நேரத்தில் மட்டும் அச்சிடுங்கள். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யாராவது ஒருவர் தப்பான பத்தியைத்தான் பார்ப்பார்.

அழைப்பு அறையில் காலணியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். செயற்கை ஓடுதளத்தில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; உயரந்தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் 12. தளத்தைக் காக்க இன்னும் குட்டையாகக் கேட்கும் திடல்களும் உண்டு, போட்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டி வந்தால் அங்கேதான் சிக்கல். நம்மூர் ஈரப்பதத்தில் ஆணியின் திருகு துருப்பிடித்து, மணலும் சேர்ந்து இறுகியிருக்கும். சாவியைப் போட்டு அழுத்தித் திருகினால் ஆணியின் தட்டையான ஓரங்கள் மழுங்கி, சாவி வழுக்கிச் சுற்றும். அதற்கு மேல் குறடுதான் வழி. அழைப்பு அறையில் குறடு யாரிடம் இருக்கும்? மாதம் ஒருமுறை எல்லா ஆணியையும் கழற்றி, துளையைப் பல்துலக்கியால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது. உதிரி ஆணியும் சாவியும் விமானத்தில் கைப்பையில் வேண்டாம், சரக்கில் போகட்டும்.

காலணியின் அடித்தடிமன் இன்னொரு கண்ணி. 2024 நவம்பர் 1 முதல் ஓடுதளப் போட்டிகளுக்கு 20 மில்லிமீட்டர்தான் உச்சம். சாலை ஓட்டக் காலணி 40 வரை இருக்கலாம். 5,000 மீட்டர் ஓடுபவர் பயிற்சிக்குப் போட்ட அதே தடித்த காலணியோடு வந்து நிற்பார்.

தொடர் ஓட்டத்தில் யார் யார், எந்த வரிசை என்பதை முதல் அழைப்பு நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் இடம் மாறி ஓடினால் தகுதிநீக்கம். 4 × 100இல் கோல் மாற்றும் பகுதி 30 மீட்டர். ஓடத் தொடங்கும் அடையாளத்துக்குத் தன் பாதையில் ஒரே ஒரு ஒட்டுப்பட்டை, 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்குள். சுண்ணாம்புக்கட்டி கூடாது. வியர்த்த கையால் சுருளிலிருந்து பட்டையைக் கிழிப்பது எளிதில்லை. முந்தின நாளே அளவாக வெட்டி, பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம். நம்மூர் காலங் திடலில் அளந்த காலடி எண்ணிக்கை எதிர்க்காற்றில் பொருந்தாது. வந்து சேர்பவர் மெதுவாகும்போது அடையாளத்தை ஓரிரு காலடி உள்ளே இழுக்க வேண்டும். இதைப் பயிற்றுவிப்பாளர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். களத்துக்குள் கைத்தொலைபேசியும் கிடையாது, அவரும் வர முடியாது.

மருந்துப் பெட்டியை மேலாளரே பூட்டி வைத்துக்கொள்வது நல்லது. சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபிட்ரின், அளவு மீறினால் போட்டி நாளில் ஊக்கமருந்துக் குற்றம். வலிமாத்திரை டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக்காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பாட்டி கொடுத்த சூரணம், சீன மருந்து விற்கும் சின்சே கடைப் பொட்டலம் போன்றவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று உறையில் எழுதியிருக்காது. எழுதாததைச் சாப்பிடாதே என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆஸ்துமா உறிஞ்சி வைத்திருப்பவரின் மருந்தையும் அளவையும் கிளம்புவதற்கு முன்பே சரிபார்த்து, மருத்துவரின் மருந்துச் சீட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

முடிவில் குறை இருந்தால், அது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள் நடுவரிடம் வாய்மொழியாக முறையிட வேண்டும். அவர் தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் இன்னொரு 30 நிமிடத்துக்குள் எழுத்தில் மேல்முறையீடு. முன்பணமும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை ரொக்கமாகத் தனி உறையில் வைத்திருக்காத மேலாளர், ஏடிஎம் தேடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை மணி போய்விடும். ஊர் திரும்புமுன் காற்றளவோடு கூடிய முடிவுப் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டித் தளங்கள் சில வாரங்களில் மறைந்துவிடுவதுண்டு. அடுத்த பதிவுப் படிவம் கேட்கும் நாளும் இடமும் அதில்தான் இருக்கும்.