காற்றாலை மின்சாரத்துக்கு லைன் போடுவது யார் காசில்?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அந்த நேரத்தில் ஒரு காற்றாலை சுற்றாமல் நின்றால் பழுது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பல நாட்களில் காரணம் வேறாக இருக்கும். ஆலையிலிருந்து வரும் 33 கே.வி. (கிலோவோல்ட்) ஃபீடர், அது சேரும் துணை மின்நிலையத்தின் டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து வெளியே போகும் லைன், இந்த மூன்றில் ஏதோ ஒன்று தன் கொள்ளளவைத் தொட்டிருக்கும். உடனே மின்கட்டமைப்பை இயக்கும் மின்சுமை பகிர்வு மையம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிவிடும். காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் ‘மஸ்ட் ரன்’ அந்தஸ்து உண்டு, அதாவது விலையைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. ஆனால் மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காகக் குறைத்தால் அந்த விதி கைகொடுக்காது, இழப்பீடும் கிடையாது.

சிக்கலின் வேர் காலக்கணக்கில் இருக்கிறது. நிலம் கையில் இருந்தால் ஒரு சூரிய மின்நிலையத்தை 12 முதல் 18 மாதங்களில் கட்டி முடிக்கலாம். 400 கே.வி. லைனும் அதன் துணை மின்நிலையமும் சேர்ந்து எழ மூன்று ஆண்டுகளாவது பிடிக்கும், அதுவும் வழியில் யாரும் மறிக்காவிட்டால். ஆகவே லைன் முந்திப் போக வேண்டும். முந்திப் போகும் லைனில் முதல் சில ஆண்டுகள் மின்சாரம் அரைகுறையாகத்தான் ஓடும். அந்தக் காலி ஆண்டுகளின் செலவை ஆலை முதலாளி ஏற்க மாட்டார், வங்கியும் ஏற்காது. அரசுப் பணம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

இந்தியாவில் லைன் செலவு இரண்டு வழிகளில் பிரிகிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் லைன் என்றால் அதன் கட்டணம் நாடு முழுவதும் உள்ள பயனாளர்களிடம் பகிர்ந்து வசூலிக்கப்படும். மாநிலத்துக்குள்ளேயே ஓடும் லைன் என்றால் மொத்தச் சுமையும் அந்த மாநில நுகர்வோர் தலையில். காற்று எங்கே அடிக்கிறதோ அங்கேதான் ஆலை நிறுவ முடியும்; அதற்காக அந்த ஊர்க்காரர்களே லைனுக்கும் முழுக் காசு கட்ட வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. மாநில லைன்களுக்கு மத்திய மானியம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படி வந்ததுதான் பசுமை மின்வழித்தடத் திட்டம். 2015இல் தொடங்கிய முதல் கட்டத்தில் தமிழ்நாடு உட்பட 8 மாநிலங்கள். மதிப்பீடு ரூ.10,141.68 கோடி. இதில் 40 சதவீதம் மத்திய மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. மானியப் பணம் தேசியத் தூய எரிசக்தி நிதியிலிருந்து வந்தது. நிலக்கரி டன்னுக்கு 2010இல் 50 ரூபாயில் தொடங்கி 2016இல் 400 ரூபாய் வரை உயர்ந்த மேல்வரிதான் அந்த நிதிக்கு ஊற்றாக இருந்தது. நிலக்கரி மீது வசூலித்ததைக் கொண்டு காற்றாலைக்கு லைன் போட்டார்கள் என்பது மனதுக்குப் பிடித்த ஏற்பாடு.

இரண்டாம் கட்டத்துக்கு 2022 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 7 மாநிலங்கள், ரூ.12,031.33 கோடி, மானியம் 33 சதவீதம், அதாவது ரூ.3,970.34 கோடி. இலக்கு 10,750 சர்க்யூட் கிலோமீட்டர் லைன், 27,500 எம்.வி.ஏ. (மெகாவோல்ட் ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் திறன்.

சர்க்யூட் கிலோமீட்டர் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒரே கோபுர வரிசையில் இருபக்கமும் இரண்டு சர்க்யூட் (தனித்தனி மின்கம்பித் தொகுப்பு) போனால் 100 கி.மீ. தூரம் 200 சர்க்யூட் கிலோமீட்டராகிவிடும். எல்லாமே இரட்டைச் சர்க்யூட் என்று வைத்தால் 10,750 என்பது தரையில் 5,375 கி.மீ.தான். அறிவிப்பில் உள்ள எண்ணை ஊருக்கு ஊர் தூரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

மானியம் மின்கட்டணத்தில் எப்படி இறங்குகிறது? ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். லைனுக்கு 100 கோடி செலவு. மானியம் இல்லாவிட்டால் 70 கோடி கடன், 30 கோடி பங்கு, அதாவது லைன் போடும் நிறுவனத்தின் சொந்த முதலீடு. கடன் வட்டி 9 சதவீதம், பங்குக்கு வருவாய் 14 சதவீதம், தேய்மானம் 5.28 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டில் 6.30 + 4.20 + 5.28, ஆக 15.78 கோடி. பராமரிப்பு தனி. இப்போது முதல் கட்ட விகிதப்படி 40 கோடி மானியம் வந்தால் கடன் 40, பங்கு 20. மானியத் தொகைக்கு வட்டியும் இல்லை, வருவாயும் இல்லை, தேய்மானமும் எடுக்கக் கூடாது. கூட்டினால் 3.60 + 2.80 + 3.17, ஆக 9.57 கோடி.

அதே லைனில் 200 மெகாவாட் காற்றாலை, ஆண்டுச் சராசரிப் பயன்பாடு 30 சதவீதம் என்றால் 52.56 கோடி யூனிட் போகும். யூனிட்டுக்கு 30 பைசா விழ வேண்டியது 18 பைசாவாகக் குறைகிறது. 20 சதவீதப் பயன்பாடுள்ள சூரிய மின்நிலையம் மட்டும் என்றால் 35.04 கோடி யூனிட். 45 பைசாவிலிருந்து 27 பைசா. ஆனால் 200 காற்று, 200 சூரியன் இரண்டையும் ஒரே லைனில் சேர்த்து, இரண்டும் உச்சத்தில் மோதும் சில மணி நேரங்களில் கொஞ்சம் வீணானாலும் 80 கோடி யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியமே இல்லாமல் 20 பைசாவுக்கு வந்துவிடுகிறது. லைனை நிரப்புவதும் மானியத்துக்குச் சமமான வேலை என்று இதிலிருந்தே தெரியும். தென்மாவட்டங்களில் காற்றும் வெயிலும் ஒரே தாலுகாவில் கிடைக்கும்போது இரண்டுக்கும் தனித்தனி லைன் கேட்பது பொதுப்பணத்தை வீணடிப்பது.

இனி, எங்கே உடைகிறது என்று பார்ப்போம். முதல் கட்ட மானியத்தில் 70 சதவீதம் ஒப்பந்தம் கொடுத்ததும் முன்பணமாக வரும். மீதி 30 சதவீதம் லைன் மின்னேற்றி, மூன்று மாதச் செயல்பாட்டுச் சோதனை முடிந்த பிறகு. மானியத்துக்கு அடிப்படை, திட்ட அறிக்கையில் உள்ள தொகை அல்லது ஒப்பந்தத் தொகை, எது குறைவோ அது. ஆக, வேலை இழுத்துச் செலவு ஏறினால் ஏறியது முழுக்க மாநிலக் கணக்கில். தமிழ்நாடு, கர்நாடகம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் தங்கள் பங்கை முடித்துவிட்டன. மற்ற மாநிலங்களுக்குக் கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

இழுப்பதற்கு முதல் காரணம் வழி உரிமை, அதாவது பிறர் நிலத்தின் வழியே லைன் கொண்டுபோகும் உரிமை. மின்கோபுரத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். மின்சாரச் சட்டம் 2003இன் 164ஆம் பிரிவு வழியாக 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வாங்கிக்கொண்டு கோபுரம் நிறுத்துகிறார்கள். இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும். 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் இது 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்ந்தது. பயிருக்கும் மரத்துக்கும் தனி.

இதில் எல்லோர் கண்ணும் 200 சதவீதத்தின் மீதே விழுகிறது. கணக்குப் போட்டால் நிலைமை வேறு. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடையே பக்கத்துக்கு 12 மீட்டர், சுற்றிலும் ஒரு மீட்டர் சேர்த்து 14க்கு 14, ஆக 196 சதுர மீட்டர். ஐந்து சென்ட்கூட இல்லை. சென்ட் 20,000 ரூபாய் என்று வைத்தால் 200 சதவீதத்துக்கு 1.94 லட்சம். கம்பிப் பாதையைப் பாருங்கள். 400 கே.வி. லைனுக்குப் பாதை அகலம் 46 மீட்டர். அது ஒருவர் தோட்டத்தில் 300 மீட்டர் போனால் 13,800 சதுர மீட்டர், அதாவது 3.41 ஏக்கர். மதிப்பு 68.2 லட்சம். 15 சதவீதத்தில் 10.2 லட்சம், 30 சதவீதத்தில் 20.5 லட்சம். அந்த மூன்றரை ஏக்கரில் இனித் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் விலை படியாது. விவசாயியின் உண்மையான இழப்பு கம்பிக்கு அடியில் இருக்கிறது, கோபுரத்துக்கு அடியில் இல்லை. அவர் மறித்து நிற்பதில் நியாயம் இருக்கிறது. இதை மதிப்பீட்டிலேயே நேர்மையாக எழுதி, மானியத்தையும் அதற்கேற்ப உயர்த்துவதுதான் வேகமான வழி. 100 கி.மீ. லைனுக்குப் பாதை 460 ஹெக்டேர். பழைய விகிதத்தில் மதிப்பீடு எழுதிவிட்டுப் புதிய விகிதத்தில் பணம் கொடுக்கும்போது அந்த வித்தியாசம் எங்கிருந்தோ வர வேண்டும்.

ஒரே ஒரு கோபுரம் நின்றுபோனாலும் லைன் மொத்தமும் நிற்கும் என்பது வெளியாட்களுக்குப் புரிவதில்லை. 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 100 கி.மீ.க்கு 250 கோபுரம். 249 எழுந்து, ஒரு தோட்டத்தில் மட்டும் வழக்கு நடந்தால் அந்த இடத்துக்கு இருபுறமும் கம்பி இழுக்கும் வேலை பாதியில் நிற்கும். முதலில் மெல்லிய பைலட் கயிறு, பிறகு எஃகு வடம், ஒரு முனையில் இழுவை இயந்திரம், மறுமுனையில் டென்ஷனர். கம்பி தரையில் உரசாமல் போக வேண்டும், உரசினால் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் பின்னாளில் கரோனா எனப்படும் மின்கசிவு இரையும். மூஸ் ரகக் கம்பி 54 அலுமினிய இழை, நடுவில் 7 எஃகு இழை, 31.77 மி.மீ. தடிமன், மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. ஒரு சர்க்யூட்டுக்கு மூன்று ஃபேஸ்; ஒரு ஃபேஸுக்கு இரண்டு என்றால் இரட்டைச் சர்க்யூட்டில் 12 கம்பி. இதை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் பிறகு வந்து இணைப்பது பாதி வேலையை மறுபடி செய்வதற்குச் சமம்.

அடுத்தது, ஜோடி சேராத வேலைகள். 400 கே.வி. துணை மின்நிலையம் தயார், ஆனால் அதற்குள் மின்சாரத்தைக் கொண்டு வரும் 110 கே.வி. லைன்கள் வரவில்லை. அல்லது லைன் வந்துவிட்டது, எதிர்முனைத் துணை மின்நிலையத்தில் அதை ஏற்கும் பே (லைனை இணைக்கும் சுவிட்ச் பகுதி) கட்டி முடியவில்லை. இரண்டும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி கெடு. பல கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெறும் வோல்டேஜ் ஏற்றி வைத்த நிலையில் கிடக்கும், கடன் வட்டி மட்டும் ஓடும். மானியத்தின் கடைசி 30 சதவீதத்தை ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் கொடுக்காமல், ஜோடி வேலைகள் இரண்டும் முடிந்தால்தான் என்று கட்டினால் இது பெருமளவு சரியாகும்.

புது வழியே வேண்டாத ஒரு வேலையும் உண்டு. பழைய கோபுரங்களில் அதிக வெப்பம் தாங்கும் ஹெச்.டி.எல்.எஸ். ரகக் கம்பியை மாற்றிப் போடுவது. சாதாரணக் கம்பி 75, 85 டிகிரிக்கு மேல் போனால் தொய்ந்துவிடும். இது 150 டிகிரியைத் தாண்டியும் தொய்வைக் கட்டுப்படுத்தும், ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் தாங்கும். புது நிலம் தேவையில்லை. செய்யும்போது இரண்டு விஷயம் தவறக் கூடாது. இரு முனைகளிலும் உள்ள சி.டி., ஐசொலேட்டர், வேவ் டிராப் ஆகிய, லைன் மின்னோட்டம் கடந்து போகும் கருவிகளின் திறனையும் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கம்பி பழைய அளவிலேயே ஓடும். மின்நிறுத்தத்தைக் காற்று சீசனுக்கு வெளியே, நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் வாங்க வேண்டும். ஏப்ரல் கைவிட்டுப் போனால் அடுத்த சீசன் முடிந்த பிறகுதான். அரசின் நிதித் திட்டங்கள் புது லைனின் நீளத்தையே இலக்காக வைப்பதால் இந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை.

மானியம் என்ற பெயரில் வராத இன்னொரு உதவி, மாநிலங்களுக்கு இடையேயான லைன் கட்டண விலக்கு. 2025 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலை நிலையங்களுக்கு முழு விலக்கு. அதன் பிறகு இயங்கத் தொடங்குபவற்றுக்கு விலக்கு ஆண்டுக்கு 25 சதவீதப் புள்ளி வீதம் குறைந்து 2028 ஜூலை முதல் முழுக் கட்டணம். விலக்கு அளித்த தொகையை அரசு கஜானா கட்டவில்லை; மற்ற பயனாளர்களின் பங்கில் ஏறியது. இந்த விலக்கால் ராஜஸ்தான் சூரிய மின்சாரம் தூரச் செலவு இல்லாமல் இங்கே வந்து இறங்கியது, உள்ளூர் லைனில் வரும் மின்சாரத்துக்கோ முழுச் செலவும் சேர்ந்தது. விலக்கு தேய்ந்து வரும் இந்த மூன்று ஆண்டுகளில் காற்றாலைகள் நிறைந்த கயத்தாறிலும் உடுமலையிலும் மாநில லைன்கள் எந்த அளவு தயாராக இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஆலைகள் இங்கே வருமா என்பது தெரியும்.