வடக்கன்குளத்தில் ஞானப்பூ அம்மாளைத் தேடி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் வள்ளியூரையும் பணகுடியையும் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே கிழக்கே பிரிந்தால் வடக்கன்குளம் வந்துவிடும். இவ்வூருக்கு வரும் திருப்பயணிகளில் பெரும்பாலோர் புனித தேவசகாயத்தை நாடியே வருகிறார்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த சேசு சபைக் குரு புத்தாரியிடம் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இங்கேதான். ஏழாண்டுகள் நிறைவதற்குள், 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நானும் அக்காவும் சென்றதோ அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளைத் தேடி.

அத்தான் இறந்த வீட்டில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும், உடைமைகளையும் பிள்ளைகளையும் இழந்து தவித்த விவிலியத்து யோபுவின் பெயரையே சொன்னார்கள். கொடுத்தவரும் ஆண்டவர், எடுத்தவரும் ஆண்டவர் என்று முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிப்பதைத் துக்க வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அக்கா, அந்தப் பகுதியை இரவில் தானாகவே எடுத்து வாசித்திருக்கிறாள்.

நீலகண்ட பிள்ளையை விசுவாசத்துக்கு அழைத்து வந்ததும் யோபுவின் கதைதான். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் உயர்ந்த டச்சுப் படையதிகாரி டிலனாய், கால்நடைகளும் உடைமைகளும் அழிந்து மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு அந்தக் கதையைச் சொன்னார். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் பெரும்பகுதி முறையீடும் வழக்காடலுமே ஆகும். முடிவில் கடவுள் கண்டிப்பதும், உனக்கு வந்ததெல்லாம் உன் பாவத்தின் பலன் என்று உபதேசித்த நண்பர்களைத்தான். தம்மை நோக்கிக் குமுறிய யோபுவே சரியாகப் பேசினான் என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். நொந்துபோன ஒரு மனிதரை அக்கதை பிடித்து நிறுத்தியது இதனால்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம் என்றால், அதை ஊரில் எவரும் சொல்லியிருப்பார்களே.

முதலில் திருக்குடும்ப ஆலயத்துக்குச் சென்றோம். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து பீடத்தருகே ஒன்றுசேரும் அமைப்புடையது. ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நின்று திருப்பலி காண்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய ஒரு மனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவரை வணங்கும் சபையே பின்னாளில் சுவர் எழுப்பிக்கொண்டது என்பதை மறைத்துவிட்டு இந்த ஆலயத்தின் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பின்பு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். ஞானப்பூ அம்மாளும் இவ்வூரிலேயே திருமுழுக்குப் பெற்றவர். 1749இல் கணவர் கைதானார். அவரை எருமை மீதேற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்ததும் மறைசாட்சியின் வரலாற்றில் விரிவாகச் சொல்லப்படுகின்றன. அவருடைய பாடுகள் காற்றாடி மலையில் முடிந்துவிட்டன. அம்மாளோ உறவினரிடம் திரும்பிப் போகாமல் வடக்கன்குளத்திலேயே தங்கி, 1766இல் இறக்கும் வரை கைம்பெண்ணாக வாழ்ந்தார். துப்பாக்கிக்கு முன்னால் நிற்க ஒரு நாளுக்குரிய துணிவு வேண்டும். மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவதற்கு வேண்டிய துணிவு வேறு வகையானது. துன்பத்தில் இருப்பவர்களுக்கு மலையைவிட இந்தக் கல்லறையே நெருக்கமானது என்பேன்.

காற்று ஓயாமல் அடித்ததால் அக்கா மெழுகுதிரியை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள். இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை திரியைச் சாய்த்து, உருகிய மெழுகில் நாலைந்து சொட்டு விட்டு அதிலேயே அழுத்தி நிறுத்தினாள். கொண்டுவந்த கேந்திப்பூவைப் பக்கத்தில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

"பதினாலு வருசம் ஒத்தையில இருந்திருக்கா, என்ன தம்பி?" என்றாள்.

"ஆமாக்கா."

"யாரு வீட்டுல சாப்பிட்டாளோ, என்ன வேலை பார்த்தாளோ."

அவள் அழவில்லை, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மரியே சொன்னாள், அத்தானுக்காக ஒரு பரலோக மந்திரம். ஜெபம் முடிந்ததும், காற்றாடி மலைக்கும் போய்விட்டு வரலாமா என்று கேட்டேன். மலைக்கு இன்னொரு நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், நாளைக்குக் கடையில் பீடிக் கட்டை ஒப்படைக்க வேண்டும், இன்னும் பாதி இலை வெட்டாமல் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, வள்ளியூர் பேருந்து எப்போது வரும் என்று வாசலில் நின்றவரிடம் விசாரிக்கப் போனாள்.