நெம்பராலா நாட்குறிப்பு: ரோத்தே தீவில் இடம் பார்க்க வந்த கதை

செப்டம்பர் 3, 2025, புதன்

சிங்கப்பூரிலிருந்து பாலி, பாலியிலிருந்து திமோர் தீவின் குப்பாங், அங்கே ஓர் இரவு, காலையில் தெனாவ் துறைமுகத்தில் விரைவுப் படகு. ரெண்டு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் ரோத்தே தீவில் பாஆ ஊரில் இறக்கிவிட்டார்கள். படகில் பாதிப் பேர் வாந்திக்குப் பிளாஸ்டிக் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள், கேட்டால் இதுதான் நல்ல பருவமாம். டிசம்பர், ஜனவரியில் மேற்குக் காற்று பிடித்துவிட்டால் படகே ஓடாத நாட்கள் உண்டு. பாஆவிலிருந்து தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நெம்பராலாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி. வழியில் பெட்டிக்கடைகளில் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

வந்த காரணம் மச்சினன். போன வருடம் பாலிக்கு விடுமுறை வந்தவனிடம் ஒரு தரகர் ‘பாலியெல்லாம் முடிஞ்சது, அடுத்தது ரோத்தேதான்’ என்று ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தினம் போன். ‘அத்தான், நீங்க சிங்கப்பூர்லதானே இருக்கீங்க, பக்கம்தானே, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.’ பக்கமாம்! சரி, லீவும் கிடந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் கடல் உள்வாங்கிவிட்டது. ஊருக்கு முன்னால் தூரத்தில் பவளப்பாறைத் திட்டு, அதன்மேல்தான் அலை உடைகிறது, ஆஸ்திரேலியாக்காரர்கள் பலகையோடு வருவது அதற்காகத்தான். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர். அந்த முழங்கால் தண்ணீரில்தான் ஊரின் பிழைப்பு.

கடல்பாசி. இராமநாதபுரம் மண்டபம் பக்கம் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை, அதே கப்பாஃபைக்கஸ் ரகப் பாசிதான். நம்மூரில் மூங்கில் மிதவை அதிகம், இங்கே முளை அடித்துக் கயிறு கட்டுகிறார்கள், கயிற்றில் ஒரு சாண் இடைவெளியில் பாசித் துண்டுகள், மிதப்பதற்குக் காலி பாட்டில்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா நிழலில் உட்கார்ந்து ஒரு கையால் துண்டை ஒடித்து மறு கையால் முடிச்சுப் போடுகிறார், கண் என்னவோ பேரன் மேல். வெள்ளையாகிப்போன கிளையை மட்டும் பார்க்காமலே கிள்ளி எறிந்தார். அந்த வெள்ளை நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்று பெயர், ஒரு கயிற்றில் வந்தால் பக்கத்துக் கயிற்றுக்கும் பரவிவிடும். ஒன்றரை மாதத்தில் அறுவடை. பிறகு கரையில் பரண் போட்டுக் காயவைக்க வேண்டும், ஏழெட்டுக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். எனவே காயவைக்க இடம் வேண்டும், அதுவும் கடலை ஒட்டி, நிறைய.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், தரகர் அனுப்பிய படத்தில் ‘வில்லாவுக்கு ஏற்ற கடற்கரை மனை’ என்று சிவப்புக் கோடு போட்டிருந்தது இந்தப் பரண்கள் நிற்கிற இடத்தைச் சுற்றித்தான்.

சாயங்காலம் 2009 கதை வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியக் கடல் எல்லையில் மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, ரெண்டு மாதத்துக்கு மேல் அடைக்க முடியாமல் எண்ணெய் கொட்டியது. இந்தப் பக்கக் கடலில் பாசி வெளுத்துச் செத்தது. ரோத்தே, குப்பாங் பக்கத்துப் பாசி விவசாயிகள் 15,000 பேருக்கு மேல் சேர்ந்து ஆஸ்திரேலியக் கோர்ட்டில் வழக்குப் போட்டு, 2021-ல் தீர்ப்பு வாங்கி, 2022-ல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆனது. வருடக்கணக்கில் கோர்ட்டு, கேஸ் என்று விடாமல் நின்றவர்கள் இவர்கள். ‘ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சல்லிசா முடிச்சிடலாம்’ என்று மச்சினனிடம் சொன்ன தரகர் இங்கே வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் ஊரே தேவாலயத்தில். மதியத்துக்கு மேல் அந்தச் சிவப்புக் கோட்டு மனையைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூட்டிப்போனார்கள்.

இங்கே அளவு ‘ஆர்’ கணக்கில், ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ரெண்டரை சென்ட். மனை நன்றாகத்தான் இருக்கிறது. தென்னை, பின்னால் பனை, நேரே கடல். விலையை மூத்த அண்ணன் ஒன்று சொன்னார், தம்பி வேறொன்று சொன்னார். குப்பாங்கில் இருக்கும் தங்கையிடம் போன் போட்டால் அவர் ‘விக்கிறதா யார் சொன்னது?’ என்று கேட்டுவிட்டார். அப்பா பெயரிலேயே இருக்கிறது நிலம், அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை. நிலச் சான்றிதழும் இல்லை, கிராமத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான். நம்மூரில் பட்டா இல்லாமல் தீர்வை ரசீதை மட்டும் காட்டி விற்க வருவார்களே, அந்த ரகம். அந்தப் பின்னால் நிற்கும் பனைகளில் நாலைந்து வேறொரு குடும்பத்துடையது. மண் இவர்களுடையது, மரம் அவர்களுடையது. வேலி போட்டால் அவர்கள் எப்படி ஏறுவார்கள்? மூத்தவர் சிரித்துக்கொண்டே ‘வேலியில ஒரு வழி விட்டுடுங்க’ என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பாஆவுக்குப் போய் வந்தேன். சொத்து விவகாரம் தெரிந்த ஒரு நோட்டரியைப் பார்த்து, கேள்விகளைப் போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கேட்டேன். மச்சினனுக்கு அனுப்பியதை இங்கேயும் போட்டு வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

இந்தோனேசியாவில் 1960-ம் வருடத்து நிலச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. முழு உரிமை, அவர்கள் மொழியில் ‘ஹக் மிலிக்’, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு எவ்வளவு காசு இருந்தாலும் கிடையாது. அவனுக்குக் கிடைப்பது காலம்தான்: ‘ஹக் பாக்காய்’ என்ற உபயோக உரிமை, 2021 விதிப்படி முதலில் 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பித்தல் 30. அதற்கும் விசா, குறைந்தபட்ச வீட்டு மதிப்பு என்று நிபந்தனை உண்டு. வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி ஆரம்பித்துக் கட்டட உரிமை வாங்கலாம், ஆனால் முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ருப்பியாவைத் தாண்ட வேண்டும். நம் காசுக்கு அஞ்சு கோடிக்கு மேல். மச்சினன் வைத்திருப்பது அதில் ஒரு மூலைக்குக் காணாது. மிச்சமிருப்பது குத்தகை.

தரகர் சொன்ன வழி என்ன தெரியுமா? பினாமி. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் கிரயம், அவரிடமிருந்து ஒரு பவர், அவருக்கு நாம் கடன் கொடுத்த மாதிரி ஒரு பத்திரம். ‘பாலியில எல்லாரும் இப்படித்தான் சார்.’ பாலியில் நிறையப் பேர் செய்திருப்பது உண்மைதான். ஆனால் அதே 1960 சட்டத்தின் 26-ம் பிரிவு என்ன சொல்கிறது என்று நோட்டரி எடுத்தே காட்டினார்: வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ முழு உரிமையைக் கைமாற்றினால் அது செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. அதாவது நிலமும் போச்சு, காசும் போச்சு. நம்மூர் பினாமியில் சண்டை போட்டு ஏதாவது தேறும் என்று ஒரு நப்பாசையாவது இருக்கும், இங்கே அதற்கும் வழி இல்லை.

அப்புறம் கடற்கரை. கடலேற்றத்தின் உச்ச மட்டத்திலிருந்து 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்பு எல்லை, நம்மூர் சிஆர்இசட் என்கிற கடற்கரைக் கட்டுப்பாட்டு விதி மாதிரி. அதற்குள் வில்லாவுக்கு அனுமதி கேட்டு நிற்க முடியாது. சிவப்புக் கோடு போட்ட மனையில் பாதி அந்த நூறு மீட்டருக்குள்தான் வரும், நான் காலடி போட்டே அளந்து பார்த்துவிட்டேன்.

குத்தகை என்றாலும் முதலில் அண்ணன் தம்பி தங்கை எல்லாரும் கையெழுத்துப் போட்டு நிலத்துக்குச் சான்றிதழ் வாங்கட்டும், பிறகு வாருங்கள் என்றார் நோட்டரி. நியாயமான பேச்சு.

செப்டம்பர் 12, வெள்ளி

தண்ணீர் தீர்ந்துவிட்டது, லாரி நாளைக்குத்தான். கரையோரக் கிணற்றில் உப்புக் கரிக்கிறது, குளிக்கலாம், குடிக்க முடியாது. வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை இல்லாத தீவு இது. கரண்ட் பரவாயில்லை. இன்டர்நெட் தங்கும் விடுதிகளில் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் தட்டு வைத்திருப்பதால் சிங்கப்பூர் ஆபீஸ் மீட்டிங்கே ஓடுகிறது. ஆஸ்பத்திரி பாஆவில், கொஞ்சம் பெரிய சிக்கல் என்றால் குப்பாங், அதாவது மறுபடி படகு. வயதான காலத்தில் இங்கே வந்து செட்டில் ஆகலாம் என்று மச்சினன் ஒரு கனவு சொன்னான், அந்தப் படகையும் சேர்த்துக் கனவு காணச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அந்த நாலைந்து பனைக்குச் சொந்தக்காரரை விடியற்காலையில் பார்த்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், இடுப்பில் அரிவாள், தோளில் ஓலையில் மடித்த பட்டை. கடகடவென்று ஏறி, பாளையை நசுக்கிக் கட்டியிருந்ததை அவிழ்த்து, நுனியை ஒரு இழை கனத்துக்குச் சீவி, பழைய பட்டையை இறக்கிப் புதியதை மாட்டினார். இராமநாதபுரத்துப் பனையேறி கலயம் மாட்டுவார், இவர் ஓலைப் பட்டை மாட்டுகிறார். மற்றபடி கை அசைவுகூட அதே தான். ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். சுண்ணாம்பு வாசம் இல்லாத பதநீர், லேசாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது.

கூழாகக் காய்ச்சிய பாகை ஜாடியில் ஊற்றி வைத்துக்கொண்டு, வறட்சி மாதங்களில் தண்ணீர் கலந்து குடித்தே பசியாறிய தீவு இது, அதைத் தட்டுத் தட்டாக வார்த்தால் கருப்பட்டி, வடித்தால் சொப்பி என்ற சாராயம். சசான்டோ என்று இவர்களுடைய தந்தி வாத்தியம், அதற்கும் பனை ஓலையில்தான் குடை மாதிரி கூடு. 1992-ல் வந்த 5,000 ருப்பியா நோட்டில் அதன் படம்கூட இருந்தது.

மனை விஷயத்தைக் கேட்டேன். ‘யாரு வாங்கினாலும் மரம் என்னுது’ என்றார். கோபமெல்லாம் இல்லை. இன்னொரு குவளை வேண்டுமா என்று கேட்டார்.

செப்டம்பர் 17, புதன்

மச்சினனோடு ஒரு மணி நேரம் போன். முதலில் முறுக்கிக்கொண்டான், ‘தரகர் வேற மாதிரி சொல்றாரே அத்தான்’ என்றான். 26-ம் பிரிவை மறுபடி படித்துக் காட்டினேன், பணமும் திரும்பாது என்ற இடத்தில் அமைதியாகிவிட்டான்.

நான் சொன்னது இதுதான்: அந்தக் குடும்பம் சான்றிதழ் வாங்குவதற்குள் நீ நுழையாதே. மூத்தவர் இப்போதைக்குப் பணத்துக்காக விற்க நினைக்கிறார், பாசி விலை 2022-ல் எங்கேயோ போய் அடுத்த வருடமே கீழே விழுந்துவிட்டது, அதுதான் காரணம். விலை ஏறினால் அவரே மாட்டேன் என்பார், அதுவும் சரிதான். பரண் நிற்கிற இடத்தை எடுத்துவிட்டு அவர்கள் பாசியை எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார்கள்?

ஆசை விடவில்லை என்றால் சாலைக்கு உள்பக்கம், கடலைவிட்டுத் தள்ளி ஒரு வீடு வருட வாடகைக்கு இருக்கிறது, ஓட்டு வீடு, சான்றிதழ் உள்ள நிலம், ஒரே சொந்தக்காரர். ஒரு வருடம் எடுத்து, ஜனவரி மாதத்தில் வந்து தங்கிப் பார்க்கட்டும். தண்ணீர் லாரிக்கு யார் காசு கொடுப்பது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஏசி இருக்கா என்று கேட்கிறான்.