ரோபோவுக்கு இரண்டாவது பேட்டரி

ஓடும் நேரம் போதவில்லை என்று இன்னொரு லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை பேரலலாக, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று சேர்க்கப் போகிறீர்களா? முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டும் ஒரே செல் எண்ணிக்கை, ஒரே கொள்ளளவு, ஏறக்குறைய ஒரே வயதாக இருக்க வேண்டும். வோல்டேஜ் வித்தியாசம் 0.1 வோல்டுக்குள் இருந்தால்தான் இணைக்கலாம். ஒன்று 8.4, மற்றது 7.4 என்று வையுங்கள். உள் மின்தடை, வயர் எல்லாம் சேர்த்து 0.05 ஓம்தான் என்றால், இணைத்த நொடியில் 20 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். கனெக்டர் கருகுவது இப்படித்தான்.

சார்ஜ் செய்யும்போது இரண்டையும் கழற்றி, தனித்தனியாக பேலன்ஸ் சார்ஜரில் (ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் சார்ஜர்) போடுங்கள். 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். நேரம் கூடுதலாகும், ஆகட்டும். உப்பிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டவே கூடாது.

மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும்போது கன்ட்ரோலர் போர்டு ரீசெட் ஆவதுதான் உங்கள் தலைவலி என்றால், பேரலல் வேண்டாம். மோட்டாருக்கு ஒன்று, கன்ட்ரோலருக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். பாசிட்டிவ் இரண்டும் சேரக்கூடாது, கிரவுண்ட் (நெகட்டிவ்) இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டும். கிரவுண்டை மறந்தால் சர்வோ மோட்டார் பேய் பிடித்ததுபோல் ஆடும், நீங்கள் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்டில் எடுத்து வையுங்கள்.